இரண்டு தொட்டில்கள்

சேலம் மாவட்டத்துக்குத் தொட்டில் வரலாறு ஒன்று உண்டு. மன்னர் மகன் பிறந்த கதையும் அதில் இல்லை. கடவுள் தாலாட்டப்பட்ட கதையும் அதில் இல்லை. ஏழையின் பிள்ளை எங்கே உறங்கிற்று, எவர் காவலில் உறங்கிற்று என்னும் கேள்வியே அவ்வரலாறு. அதில் இரு தொட்டில்கள் உள. தாய் உழைக்கும் இடத்தருகே பிள்ளை உறங்குவதற்கென்று சட்டம் கட்டச் சொன்னது ஒன்று. பிள்ளையைத் தாய் விட்டுச் செல்வதற்கென்று அரசு வைத்தது மற்றொன்று. முன்னது பஞ்சமாய்ப் போனதால்தான் பின்னதற்கு வேலை மிகுந்தது என்பதை எண்ணிப் பார்க்கவே இக்கட்டுரை.

சேர்வராயன் மலைக்கு வாருங்கள், தோழர்களே! 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காலத்தில், ஏற்காட்டு மலைமீது காப்பிச் செடி ஏறிற்று. தோட்டங்கள் பரந்தன, செல்வம் வளர்ந்தது. பழுத்த பழத்தை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும். அதற்கு இரு கைகளும் வேண்டும். இடுப்பில் பிள்ளையோடு அந்த வேலை நடக்குமா? ஆகவே கிளையில் தூளி கட்டினாள் தாய். தூளியருகே காவலாக அமர்ந்தாள் ஏழெட்டு வயது அக்காள். நாகலூர் போன்ற மலையூர்களில், ஒரு பிள்ளைக்கு இடமில்லாத குறை இரு பிள்ளைகளின் வாழ்வைத் தின்றது. வருகைப் பதிவேடு எழுதும் ஆசிரியனுக்கு அக்காளின் காலியிடம் தெரியும். அவளை அங்கே கட்டிப்போட்ட தூளி தெரியாது.

தலைவிதி என்று சொல்லிக் கைகழுவினர் வசதி படைத்தோர். உலகம் அப்படி வாளாவிருந்து விடவில்லை. 1844இல் பாரிசு நகரில், உழைக்கும் தாய்மாரின் கைக்குழந்தைகளுக்கென்று காப்பகம் திறந்தார் மார்போ என்பார். 1919இல் வாசிங்டனில் கூடிய முதல் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் ஓய்வும் உதவியும் வேண்டும் என்றும், பாலூட்ட வேலை நேரத்திலேயே இடைவேளை வேண்டும் என்றும் முடிவு செய்தது. 1929இல் பம்பாய் மாகாணம் மகப்பேற்று உதவிச் சட்டம் கண்டது. சென்னை மாகாணத்திலும், நீதிக்கட்சி ஆட்சியில், 1934ஆம் ஆண்டின் மகப்பேற்று உதவிச் சட்டம் எழுந்தது. ஆயினும் அது ஆலைப் பெண்களுக்கே அரணாயிற்று. மலைத் தோட்டத்துத் தாய் வெளியிலேயே நின்றாள்.

அவளை உள்ளே அழைத்தது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். 1954 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில், அவர்தம் பிள்ளைகளுக்கு வெளிச்சமும் காற்றும் தூய்மையும் உள்ள அறை வேண்டும். குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண் அதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்றது அச்சட்டம். தலைவிதி மாற்றாததைச் சட்டவிதி மாற்றிற்று! துரையின் இரக்கம் தந்த பிச்சையாக இல்லாமல், உழைப்பவள் கேட்டுப் பெறும் உரிமையாக வந்தது அந்தத் தொட்டில்.

ஆனால் ஐம்பது என்றொரு கோடு கிழித்தனரே, அதைக் கவனியுங்கள். நாற்பத்தொன்பது பெண்கள் உழைக்கும் தோட்டத்தில் பிள்ளை அழாதா? சிறு தோட்டங்கள் மலிந்த மலையில் இந்தக் கோட்டுக்கு வெளியே விழுந்த தாய்மார் பலர். 1981இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒப்பந்தக்காரர் அழைத்து வந்த பெண்களும் கணக்கில் சேர்ந்தனர். இருபது பிள்ளைகள் இருந்தாலே போதும் என்றும் ஆயிற்று. பெண்களை மட்டும் எண்ணிய சட்டம், முதன்முறையாகப் பிள்ளைகளையும் எண்ணிற்று! பெரிய முன்னேற்றம் அது. 2020இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழிற்சட்டத் தொகுப்போ ஐம்பது தொழிலாளர் என்னும் கணக்கைப் பிடித்துக்கொண்டது.

தோட்டத்துக்கு வெளியே அரசும் கைநீட்டிற்று. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 இடங்களில் தொடங்கிற்று. 1980இல் தமிழ்நாடு தன் ஊட்டச்சத்துத் திட்டத்தில், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதந்தோறும் எடைபோட்டுப் பார்க்கத் தலைப்பட்டது. 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டம், ஊர்ப்புறத்தில் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் தட்டு வைத்தது. இவை எளிய சாதனைகள் அல்ல. எனினும் ஒரு குறை நின்றது. கைக்குழந்தைக்குச் சத்துமாவு வந்தது. தாய் தோட்டத்திலிருந்து திரும்பும்வரை தாங்கும் கை எல்லா ஊருக்கும் வரவில்லை.

இனி இரண்டாவது தொட்டில். 1992இல் செயலலிதா ஆட்சியில், சேலம் மாவட்டத்தில்தான் தொட்டில் குழந்தைத் திட்டம் பிறந்தது. பெண்ணாய்ப் பிறந்ததே குற்றமென்று சிசுவைக் கொன்ற கொடுமைக்கு அரசு கண்ட அவசர மருந்து அது. மருத்துவமனையில் தொட்டில், விட்டுச் செல்பவளை எவரும் வினவார். 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் அது பரவிற்று. உயிர்கள் பிழைத்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் 2001 மக்கள்தொகைக் கணக்கில், ஆறு வயதுக்குட்பட்டோருள் ஆயிரம் ஆண்களுக்குச் சேலம் மாவட்டத்தில் 851 பெண்களே இருந்தனர். தொட்டில் பிள்ளையை வாங்கிக்கொண்டது. அவளைத் தொட்டிலண்டை துரத்திய வரதட்சணையையும் வறுமையையும் அது தொடவில்லை. பிள்ளையைக் காக்கத் தாயைப் பிரிக்கும் வழியைவிட, தாயைத் தாங்கிப் பிள்ளையைக் காக்கும் வழியன்றோ அறிவுக்கு உகந்தது? டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், 2018இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது இந்த வழியில் வைத்த அடிகளே.

இளைஞர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாற்பது பேர் இருந்தும் அங்கன்வாடி இல்லாத சிற்றூர் கேட்டால், மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தரவேண்டும் என்று 2006 திசம்பரில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. உங்கள் ஊரில் பிள்ளைகளை எண்ணுங்கள். மனு எழுதுங்கள். மலையில் அடுத்தடுத்த சிறு தோட்டங்கள் சேர்ந்து ஒரு காப்பகம் நடத்தட்டும் என்று கேளுங்கள். தாயின் வேலை நேரம் முழுவதும் அது திறந்திருக்கட்டும் என்று கேளுங்கள். ஐம்பதிலிருந்து எண்ணத் தொடங்கும் சட்டத்தை, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கச் செய்வோம். அந்த ஒன்று, தூளியில் கிடக்கும் பிள்ளை.