கதியால் வேலியிலிருந்து கமரா வரை: யாழ்ப்பாணத்தில் வீடு காத்த கதை

சுவரில் துளையிட்டு அதனூடாகக் கையை நுழைப்பதும் வீடுடைத்தலே என்று 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவை உதாரணம் காட்டி விளக்குகின்றது. அச்சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டே இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இரவில் வீடுடைத்தலைப் பகலில் வீடுடைத்தலிலும் பாரதூரமான குற்றமாக அது கருதியது. மண் சுவரைக் கன்னக்கோலால் குடைந்து உள்ளே புகுவதைத் தமிழர் 'கன்னம் வைத்தல்' என்றனர். கற்சுவர் வீடுகள் பெருகிய பின்னர் அக்கருவி மறைந்தது. சொல் மாத்திரம் மிஞ்சியது.

யாழ்ப்பாணத்தின் பழைய நாற்சார் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு விடயம் புலப்படும். வெளிப்புறம் நோக்கிய சாளரங்கள் சிறியவை, சில. காற்றும் வெளிச்சமும் நடு முற்றத்தின் வழியாகவே வந்தன. நகையும் காணி உறுதிகளும் கனத்த மரப் பெட்டகத்தினுள் இருந்தன. வீட்டின் மூத்தவர் அப்பெட்டகத்தின் மேலேயே பாய் விரித்துப் படுப்பதும் உண்டு. இதற்கு மேற்பட்ட பூட்டு அக்காலத்தில் எவருக்கும் தேவைப்படவில்லை.

ஆயினும் இத்தகைய வீடுகள் வசதி படைத்தோருக்கே உரியவை. பெரும்பாலானோரின் வளவைக் காத்தது வேலிதான். கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை நட்டு, பனையோலையாலோ கிடுகாலோ அடைத்த வேலி அது. அதனை ஒரு கத்தி அறுத்துவிடும். ஓர் உதை சாய்த்துவிடும். எனினும் அது காவலாக நின்றமைக்குக் காரணம் இருந்தது. காய்ந்த ஓலையைத் தொட்டால் சரசரக்கும். அந்த ஓசைக்கு நாய் குரைக்கும். ஒரு வீட்டு நாய் குரைத்தால் ஒழுங்கை முழுவதும் குரைக்கும். கார்த்திகை, மார்கழி மழை இரவுகளில் மழையின் இரைச்சல் இவ்வோசைகளை எல்லாம் விழுங்கிவிடும் என்பதனால், அந்நாட்களில் முதியவர்கள் விழிப்பாக இருந்தனர்.

வேலியில் 'பொட்டு' ஒன்றும் இருந்தது. அயலவர் குனிந்து நுழைந்து போய்வரும் சிறு திறப்பு அது. பாதுகாப்புப் பற்றி இன்று ஆலோசனை கூறுவோர் அதனைப் பலவீனம் என்பர். என் கணிப்பு வேறு. சட்டி, கறிவேப்பிலை, செய்தி யாவும் அப்பொட்டின் வழியாகவே போய்வந்தன. எந்த வீட்டில் ஆளில்லை, எவருடைய வளவில் புதிய குரல் கேட்கின்றது என்பதை அயலவர் அறிந்திருந்தமைக்கு அதுவே வழி. எல்லைத் தகராற்றில் வழக்குப் பேசாதிருந்த அயலவருக்கே இது பொருந்தும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வேலி வழக்குகள் யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிகள் பலருக்குச் சோறு போட்டவை!

1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தை அடுத்து, 1866இல் ஜி.டபிள்யூ.ஆர். காம்பெல் தலைமையில் இலங்கைப் பொலிஸ் சேவை நவீன வடிவம் பெற்றது. ஆனால் கிராமங்களில் நெடுங்காலம் களவை விசாரித்தவர் விதானையார்தான். 1963இல் அப்பதவி ஒழிக்கப்பட்டுக் கிராம சேவையாளர் முறைமை வந்தது. இப்புதிய அலுவலரையும் யாழ்ப்பாணத்தவர் இன்றுவரை விதானையார் என்றே அழைக்கின்றனர்.

அக்காலத்தைப் பொற்காலமாக வர்ணிக்க நான் விரும்பவில்லை. களவு போனால் மை போட்டுப் பார்க்கும் வழக்கம் பரவலாக இருந்தது. அந்த மையில் உடையாரின் மகன் தெரிந்ததாக எவரும் கூறக் கேட்டதில்லை. வேலி அடைக்க வந்தவன், கிணறு இறைக்க வந்தவன், கள் இறக்க வந்தவன் ஆகியோரே சந்தேகத்துக்கு உள்ளாகினர். வீட்டின் உட்புறத்தைக் காண்பதற்கே அனுமதிக்கப்படாத சாதியினர் மீது, பெட்டகம் இருந்த இடத்தை அறிந்து திருடியதாகப் பழி சுமத்தப்பட்டது. இதில் உள்ள முரண்பாடு அடித்தவர்களின் கண்ணுக்குத் தெரியவில்லை.

1970களின் பிற்பகுதியில் மத்திய கிழக்குப் பணமும் 1977இன் திறந்த பொருளாதாரமும் ஊரின் தோற்றத்தை மாற்றின. வேலி இருந்த இடத்தில் மதில் எழுந்தது. மதிலின் மேல் உடைந்த போத்தல் துண்டுகள் பதிக்கப்பட்டன. யன்னல்களுக்குக் கம்பிகள் வந்தன. பொட்டு அடைபட்டது. நகையை வங்கியில் சிறு தொகைக்கு அடகு வைத்து, வட்டியைக் காவற்கூலியாகக் கருதிய குடும்பங்களும் இருந்தன.

பின்னர் போர் வந்தது. 1980களின் நடுப்பகுதியில் பொலிஸார் நிலையங்களுக்குள் முடங்கினர். கள்வர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோர் மின்கம்பங்களில் கட்டப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்ட காலம் அது. அவர்களுள் எத்தனை பேர் உண்மையில் திருடினர் என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. 1991இல் விடுதலைப் புலிகள் தமக்கெனக் காவல்துறை ஒன்றை அமைத்தனர். அக்காலத்தில் கதவைத் திறந்துவைத்து உறங்கினோம் என்று பெருமையாகக் கூறுவோர் உளர். அவர்கள் அதற்கு முந்திய ஆண்டையும் நினைவுகூர வேண்டும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சுமார் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். கையில் இருந்த பணமும் நகையும் பறிக்கப்பட்டன. சோனகத் தெருவிலும் அயலிலும் அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளிலிருந்து தளபாடங்களும், பின்னர் கதவு, யன்னல், ஓடுகளும் போயின. இது எந்தப் பொலிஸ் பதிவேட்டிலும் வீடுடைத்தல் எனப் பதியப்படவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தின் களவு வரலாற்றை எழுதும் எவரும் இதனைத் தவிர்த்துவிட முடியாது. அந்த மரமும் ஓடும் எவரோ ஒருவருடைய வீட்டில் பொருத்தப்பட்டிருக்கத்தானே வேண்டும்?

சரியாக ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். இலட்சக்கணக்கானோர் அன்று தத்தமது கதவைப் பூட்டித் திறப்பை மடியில் செருகினர். நகையைக் கிணற்றடியிலும் பனையடியிலும் புதைத்தவர் பலர். 1996 ஏப்ரல் முதல் திரும்பியபோது பலருடைய வீடுகளில் அத்திறப்புக்குரிய கதவே இல்லை. பனைகள் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டிருந்தமையால், அடையாளமிட்டுப் புதைத்த இடத்தையும் சிலரால் கண்டுபிடிக்க இயலவில்லை. உயர் பாதுகாப்பு வலயமான வலிகாமம் வடக்கிலோ, 1990இல் வெளியேறியவர்கள் பல ஆண்டுகள் கழித்துத் தமது காணிக்குள் கால்வைத்தபோது, கூரையற்ற சுவர்களையோ வெறும் பற்றையையோதான் கண்டனர்.

2009இல் போர் முடிந்த பின்னர் களவு வேறு வடிவம் கொண்டது. 2011 ஓகஸ்டில் கிறீஸ் மனிதன் பற்றிய பீதி நாடெங்கும் பரவியது. யாழ்ப்பாணம் நாவாந்துறையில் பொதுமக்களுக்கும் படையினருக்கும் இடையே மோதல் ஏற்பட்டது. ஊர்களில் விழிப்புக் குழுக்கள் அமைந்தன. பின்னர் வாள்களுடன் மோட்டார் சைக்கிள்களில் வரும் கும்பல்கள் பற்றிய செய்திகள் நாளேடுகளை நிறைத்தன.

இன்றைய கள்வனுக்குக் கன்னக்கோல் வேண்டியதில்லை. கோயில் திருவிழா எப்போது, எந்த வீட்டார் திருமணத்துக்குப் போயுள்ளனர் என்ற தகவல் போதும். பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ, பெரிய வீட்டில் முதிய தாய் தனித்திருப்பதும், பூட்டிய வீட்டைத் தூரத்து உறவினர் மாதம் ஒருமுறை எட்டிப்பார்ப்பதும் ஊர்தோறும் காணும் காட்சிகள். தங்கத்தின் விலை ஏறிய வேகத்தில் ஒரு தாலிக்கொடியே ஆபத்தான சொத்தாகிவிட்டது.

இதற்குப் பரிகாரமாகக் கமராக்கள் வந்துள்ளன. யாழ்ப்பாணத்தில் நள்ளிரவு ஒரு மணியாகும்போது ரொறன்ரோவில் கோடைகாலப் பிற்பகல் மூன்றரை மணி. மகன் வேலைத்தலத்தில் இருந்தபடியே கைத்தொலைபேசியில் தாயின் முற்றத்தைப் பார்க்கின்றான். மதிலில் எவரேனும் ஏறினால் அவனுக்குத்தான் முதலில் தெரியும். அவன் உடனே தொலைபேசி எடுக்க வேண்டும். எவருக்கு என்பதுதான் சிக்கல். பக்கத்து வீட்டாரின் இலக்கம் பலரிடம் இருப்பதில்லை.