கண்டி அரசின் வீழ்ச்சியும் மலையகத் தோட்டங்களும்

கண்டி அரசு இலங்கையின் நடு மலைநாட்டில் ஐரோப்பியருக்கு அடங்காமல் 1815 வரை நின்ற அரசு. 1505இல் வந்த போர்த்துக்கீசியரும், 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் அவர்களிடமிருந்து பறித்த டச்சுக்காரரும் கரையோரத்தை ஆண்டு கறுவாப் பட்டை வணிகத்தில் கொழித்தார்கள். மலையில் அவர்களால் நிலைக்க முடியவில்லை. 1796இல் டச்சுப் பகுதிகளைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், மன்னர்மேல் வெறுப்புற்றிருந்த சிங்களப் பிரதானிகளின் துணையோடு 1815 பிப்ரவரியில் கண்டியைப் பிடித்தனர்.

கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தென்னிந்திய நாயக்கர் வழியினர், இயற்பெயர் கண்ணுசாமி. 1816இல் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டார். 1806 சிப்பாய்ப் புரட்சிக்குப் பின் திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அப்புறப்படுத்திய அதே கோட்டை. 1832 ஜனவரி 30 அன்று இறக்கும்வரை அவர் கைதிதான். பாலாற்றங்கரையில் அவர் கல்லறை உள்ள முத்து மண்டபத்தைத் தமிழக அரசு 1990இல் திறந்தது.

கண்டியின் கதை பெரும்பாலும் இந்த மன்னரோடு முடிக்கப்படுகிறது. அது சரியல்ல. 1815இன் பெரிய விளைவு நிலத்திலும் உழைப்பிலும் நேர்ந்தது.

கண்டி நாட்டின் ஊவாவில் 1817–18இல் எழுந்த கிளர்ச்சியை ஆங்கிலேயர் கொடுமையாக அடக்கினர். பின்னர் ஆளுநர் பார்ன்ஸ், ராஜகாரியம் என்ற பழைய கட்டாய ஊழியத்தைக் கொண்டே கொழும்பு–கண்டி சாலையைப் போட்டார். 1840ஆம் ஆண்டுச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடியின் சொத்தாகக் கருதியது. தலைமுறைகளாகச் சேனைப் பயிர் (காட்டை வெட்டி எரித்துச் செய்யும் வேளாண்மை) செய்தவனிடம் ஏது பத்திரம்? அந்நிலம் மலிவு விலைக்குக் காப்பித் தோட்டமாயிற்று. வாங்கியவர்களில் அரசு அதிகாரிகளே பலர்.

சொந்த வயல் வைத்திருந்த சிங்களக் குடியானவர் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். அந்த முன்பணமே கடனாகித் தொழிலாளர்களைக் கட்டிப்போட்டது. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தவர்களில் காலராவுக்கு இரையானவர் ஏராளம். காப்பிக்குப் பருவகால ஆட்கள் போதும். வேலை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1869இல் இலைநோய் காப்பியைத் தாக்கியது. தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் நட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கொழுந்தை ஆண்டு முழுவதும் பறித்தாக வேண்டும். ஆகவே குடும்பங்களே லயங்கள் எனும் வரிசை வீடுகளில் நிரந்தரமாகக் குடியமர்ந்தன.

கண்டி மன்னர் கைதியாயிருந்த வேலூர் வட்டாரமும் அதே பேரரசின் சந்தைக்குள் இழுக்கப்பட்டதுதான். ஆம்பூர், வாணியம்பாடியில் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல் இலண்டனுக்குக் கப்பலேறியது. ஆனால் இங்கே வணிகத்தில் உள்ளூர் முஸ்லிம் வணிகர்களுக்கு வலுவான பிடி இருந்தது. மலையகத்திலோ தோட்டமும் ஏற்றுமதியும் பெரும்பாலும் ஐரோப்பியக் கம்பெனிகளின் கையில் இருந்தன.

1948இல் சுதந்திர இலங்கை நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா உடன்பட்டது. திரும்பியவர்களில் பலர் நீலகிரியில் மறுபடி தேயிலையே பறித்தனர். 1983க்குப் பின் அகதிகளாக வந்து, வேலூரை அடுத்த மேல்மொணவூர் உட்படத் தமிழக முகாம்களில் தங்கியோரிடையே மலையகப் பூர்விகமுடையோரும் உண்டு. ஆனால் அயல்நாட்டிலிருந்து வந்தோரில் சிலருக்குக் குடியுரிமை வழங்க 2019ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பட்டியலிட்ட நாடுகளில் இலங்கை இல்லை.