மாரியப்பன் காலேஜில் படித்த காலம்

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் வழியாகப் போகும் 1-ம் நம்பர் பஸ்ஸில் காலை எட்டரைக்கு ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு காலும் நன்றாக இருப்பவனே காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் கசங்கிவிடுவான். என்னோடு பி.காம். படிக்கும் நண்பன் ஒருவன் தினமும் அதில்தான் வருகிறான். பிறவியிலேயே வலது கால் சரியாக வளரவில்லை. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்து ஒரே இழுப்பில் மேலே வந்துவிடுவான். கையில் அவ்வளவு பலம்.

போன வருஷம் ஸ்போர்ட்ஸ் டே அன்று அவனுக்கு ஒரு நாற்காலி போட்டு, மார்க் எழுதும் அட்டையைக் கொடுத்தார்கள். குண்டு எறிந்தவர்களின் தூரத்தை எல்லாம் அவன்தான் எழுதினான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பாவம், வெயிலில் நிற்க வேண்டாமே என்றுதான். ஆனால் எனக்கு உறுத்தியது. அதிலிருந்து இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் கொஞ்சம் இங்கே.

மாற்றுத்திறனாளிகள் விளையாட்டு என்றதும் எல்லோரும் சொல்வது டாக்டர் லுட்விக் குட்மனை. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதுதான் 1960 ரோமில் பாராலிம்பிக் ஆனது. இது பலருக்கும் தெரிந்த கதை.

அதே 1948-ல் இன்னொன்றும் நடந்தது. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அது காலேஜ் கதை. அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகத்துக்கு கேல்ஸ்பர்க் என்ற ஊரில் ஒரு கிளை இருந்தது. அங்கே டிம் நியூஜென்ட் என்பவர் உடல் ஊனமுற்ற மாணவர்களுக்காக ஒரு திட்டம் தொடங்கினார். போரில் அடிபட்டுத் திரும்பிய வீரர்களும் அதில் படித்தார்கள். அடுத்த வருஷமே அந்தக் கிளையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டுக்குச் சக்கர நாற்காலிகளோடு போய் கவர்னரிடம் முறையிட்டார்கள். கிளை காப்பாற்றப்படவில்லை. ஆனால் திட்டம் அர்பானாவில் இருந்த தலைமை வளாகத்துக்கு இடம் மாறிப் பிழைத்தது. சக்கர நாற்காலி கூடைப்பந்து அணி, லிஃப்ட் வைத்த பஸ் எல்லாம் அங்கே வந்தன. (லிஃப்ட் வைத்த பஸ்! 1950-களில்! நம்ம 1-ம் நம்பரை நினைத்துக்கொண்டேன்.) பின்னாளில் பாஸ்டன் மாரத்தானை எட்டு முறை வென்ற ஜீன் டிரிஸ்கால் அந்த வளாகத்தில் படித்தவர்தான்.

நம் நாட்டில் கதை வேறு மாதிரி. முதல் பாராலிம்பிக் தங்கம் 1972-ல், ஹைடல்பர்கில், முரளிகாந்த் பெட்கர் 50 மீட்டர் நீச்சலில் வாங்கியது. அவர் 1965 போரில் குண்டடி பட்ட ராணுவ வீரர். அதாவது நம் ஊரில் இந்த விளையாட்டு ராணுவத்திலிருந்து வந்தது, கல்லூரியிலிருந்து அல்ல. அதற்கப்புறம் 2012 லண்டன் வரை, இந்தத் தங்கத்தையும் சேர்த்து இந்தியாவின் மொத்தப் பதக்கம் எட்டு.

1995-ல் வந்த சட்டம் கல்லூரி சேர்க்கையில் 3 சதவீத இடம் ஒதுக்கியது. வகுப்பறைக் கதவு திறந்தது. மைதானத்தின் கதவு?

இங்கேதான் மாரியப்பன் தங்கவேலு வருகிறார். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. அம்மா காய்கறி விற்றுக் காப்பாற்றினார். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் உயரம் தாண்டச் சொல்லி ஊக்கம் கொடுத்தார். 14 வயதில் முதல் போட்டி. உடன் தாண்டியவர்கள் எல்லோரும் இரண்டு காலும் நல்லபடி உள்ளவர்கள். மாரியப்பன் இரண்டாம் இடம். பிறகு சேலம் ஏ.வி.எஸ். கல்லூரியில் பி.பி.ஏ. படித்து 2015-ல் முடித்தார். (நம்ம காமர்ஸ் பக்கத்து ஆள் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை!) 2013-ல் தேசியப் போட்டியில் அவரைப் பார்த்த பெங்களூரு பயிற்சியாளர் சத்யநாராயணா, பின்னால் தன்னிடமே அழைத்துக்கொண்டார்.

அவர் படித்து முடித்த அந்த 2015-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். மார்ச்சில் காஜியாபாத்தில் தேசியப் பாரா தடகளப் போட்டி நடந்தது. கட்டி முடிக்காத கட்டடத்தில் வீரர்களைத் தங்கவைத்தார்கள். சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறைகூட இல்லை. செய்தி பெரிதானது. நிர்வாகச் சண்டைகளும் சேர, அந்த வருஷமே சர்வதேச பாராலிம்பிக் கமிட்டி இந்தியக் கமிட்டியை சஸ்பெண்ட் செய்தது. 2016-ல்தான் தடை நீங்கியது. ரியோவுக்குச் சில மாதமே பாக்கி. அந்த ரியோவில் 1.89 மீட்டர் தாண்டி மாரியப்பன் தங்கம் வென்றார். பிறகு டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம்.

தங்கம் வந்ததும் தமிழக அரசு 2 கோடி அறிவித்தது. நல்லதுதான். ஆனால் கணக்குப் பாடம் படிப்பவனுக்கு ஒரு கேள்வி வருமே: பரிசு என்பது லாபம் வந்த பிறகு கொடுப்பது. முதலீடு எங்கே? மாரியப்பன் விஷயத்தில் அந்த முதலீட்டைப் போட்டது ஒரு அம்மா, ஒரு பி.டி. மாஸ்டர், ஒரு பயிற்சியாளர்.

துளசிமதி முருகேசன் கதையிலும் இதேதான். காஞ்சிபுரத்துப் பெண். இடது கையில் பிறவிக் குறைபாடு. பேட்மிண்டன் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அப்பா. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டே 2023-ல் ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டில் தங்கம், 2024 பாரிஸில் வெள்ளி. பாரிஸ் அரையிறுதியில் அவர் எதிர்த்து ஆடியது நம் திருவள்ளூர் மனிஷா ராமதாஸை! பாரிஸில் இந்தியா வென்ற 29 பதக்கத்தில் நான்கு தமிழ்நாட்டுக்கு. கால்நடை மருத்துவம் என்றால் பிராக்டிகல், அட்டெண்டன்ஸ், ரெக்கார்ட் எல்லாம் உண்டு. அதோடு வெளிநாட்டுப் போட்டிகளும். எனக்கு செமஸ்டர் நேரத்தில் கிரிக்கெட் பார்க்கவே நேரம் கிடைப்பதில்லை.

சட்டம் இப்போது முன்னைவிடப் பரவாயில்லை. 2016-ம் வருஷச் சட்டம் உயர்கல்வியில் ஒதுக்கீட்டை 5 சதவீதமாக்கியது. அதன் 30-வது பிரிவு விளையாட்டுக்கென்றே உள்ளது. மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கெடுக்க வழி செய்வது அரசின் கடமை என்கிறது. 2023 டிசம்பரில் டெல்லியில் முதல் கேலோ இந்தியா பாரா போட்டிகளும் நடந்தன.

திருச்சிக்குத் தடகளத்தில் நல்ல பேர் உண்டு. ஆரோக்ய ராஜீவ், சுபா வெங்கடேசன், தனலட்சுமி சேகர் மூவரும் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் அணிக்குப் போனவர்கள். அண்ணா விளையாட்டரங்கத்தில் சாயங்காலம் பார்த்தால் பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். நண்பனை ஒரு நாள் அங்கே கூட்டிப் போனேன். ஓரமாகச் சிமெண்ட் படியில் உட்கார்ந்து, யாரோ வைத்துவிட்டுப் போன குண்டை எடுத்து எறிந்தான். நான் அடி வைத்து அளந்தேன். பாரா போட்டிகளில் உட்கார்ந்து எறிவதற்கென்றே தனிப் பிரிவுகள் இருப்பதைச் சொன்னதும் முதலில் நம்பவில்லை, நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தான். அப்புறம் போனில் வீடியோவைக் காட்டினேன். மூன்று முறை பார்த்தான்.

இந்த வருஷ ஸ்போர்ட்ஸ் டேயில் உட்கார்ந்து குண்டு எறியும் போட்டி ஒன்றைச் சேர்க்கச் சொல்லி நாங்கள் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு பி.டி. சாரிடம் மனு கொடுத்திருக்கிறோம். “ஒரே ஆளுக்கு எப்படிப்பா போட்டி வைக்கிறது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பக்கத்துக் கல்லூரிகளில் விசாரித்து இன்னும் இரண்டு பேரைக் கண்டுபிடித்துவிட்டோம். திங்கட்கிழமை மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.