திசையறிந்து ஓடும் அலைகள்

இழைப்புளி பிடிக்கும் தச்சன் மரத்தின் நாரோட்டம் பார்த்தே இழைக்கிறான். பொருள்களுக்குத் திசைபேதம் உண்டு என்பது அவன் கைகண்ட உண்மை. ஒளியினிடத்தும் அது உண்டென்று நமக்குக் காட்டியவர் டென்மார்க் நாட்டு எராஸ்மஸ் பார்த்தோலின். 1669-ஆம் ஆண்டில் ஐஸ்லாந்துப் படிகக்கல்லின் வழியே அவர் நோக்கியபோது, ஒரு பொருள் இரண்டாகத் தோன்றிற்று. ஒளி அக்கல்லினுள் இருவேறு வகையில் பரவுவதே காரணம் என்று 1690-இல் ஹியூஜன்ஸ் விளக்கினார்.

மின்சாரத்திற்கும் இப்பேதம் உண்டு. பென்சிலில் உள்ள கிராபைட், ஏடு ஏடாக அடுக்கிய கரியாகும். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், கல்கத்தாவில் கங்குலியுடன் அதனை ஆராய்ந்தார். ஏட்டின் தளத்தில் எளிதாகப் பாயும் மின்சாரம், ஏடுவிட்டு ஏடு தாண்டும்போது பல ஆயிரம் மடங்கு தடைப்படுகிறது என்று இருவரும் 1939-இல் அறிவித்தனர்.

இனி அலைக்கு வருவோம். உலோகத்திலுள்ள எலெக்ட்ரான்கள் குளத்து நீரைப்போல் அலைபாயக் கூடியவை. அவ்வலை மேற்பரப்பிலும் எழும் என்று 1957-இல் ரிட்சி கணித்தார். பவலும் ஸ்வானும் 1959-இல் சோதனையால் அதனை மெய்ப்பித்தனர். ஒளியைக் கொண்டே அவ்வலையை எழுப்பும் எளிய வழியை 1968-இல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் முப்பட்டகக் கண்ணாடியின் துணையால் கண்டனர். இதற்குப் பிளாஸ்மான் அலை என்று பெயர்.

கிராபைட்டின் ஓர் ஏட்டை மட்டும் தனியே பிரிக்கும் வித்தை 2004-இல் மான்செஸ்டரில் கைகூடிற்று. அணுவளவே தடித்த அந்தக் கிராபீன் ஏட்டில், கூரிய ஊசிமுனையின்மீது அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, பிளாஸ்மான் அலைகளை 2012-இல் இரு குழுவினர் படம் பிடித்தனர். அலையின் நீளமோ, பாய்ச்சிய ஒளியின் அலைநீளத்தில் நாற்பதில் ஒரு பங்கினும் குறைவு! மின்னழுத்தத்தை மாற்றி அவ்வலையைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. எனினும், கல்லெறிந்த குளத்தில் வட்டமிடும் அலைபோல, அது எத்திசையும் ஒருசீராகவே பரவிற்று.

அலைக்குத் திசை வகுத்தவை வேறு ஏடுகள். மாலிப்டினம் ஆக்சைடின் மெல்லிய தகட்டில், அணுக்களின் அதிர்வோடு கலந்த ஒளியலை சில திசைகளில் மட்டுமே ஓடுவது 2018-இல் தெரிந்தது. எலெக்ட்ரான் அலையும் இவ்வாறு நடக்கும் என்பதற்கு டங்ஸ்டன் டெல்லூரைடு 2020-இல் சான்று தந்தது. அதே ஆண்டில், இரு மாலிப்டினம் ஆக்சைடுத் தகடுகளைக் குறித்த கோணத்தில் திருகி அடுக்க, அலை விரியாமல் வாய்க்கால் நீர்போல் நேரே சென்றது. வாய்க்கால் வெட்டியவர் எவருமில்லை. திருகிய கோணமே கரையாயிற்று.

ஒரு தடை மட்டும் எஞ்சியிருக்கிறது. இவ்வலைகள் சிறிது தூரம் ஓடியதுமே வெப்பமாகித் தேய்ந்துவிடுகின்றன. நுண்ணிய ஒளிச்சுற்றுகளில் செய்தி சுமக்க இவை உதவுமா என்பது, திசையைக் காட்டியபின் ஆயுளையும் நீட்டுவதைப் பொறுத்தே இருக்கிறது.