கணவன் மனைவிக்கு எத்தனை படுக்கையறை: இங்கிலாந்தில் ஒரு வழக்கத்தின் வரலாறு

கணவனும் மனைவியும் தனித்தனி அறையில் படுக்கிறார்கள் என்றால் அந்த மணவாழ்க்கையில் ஏதோ பிசகு என்று எண்ணுவது இங்கிலாந்திலும் இயல்பாகிவிட்டது. குறட்டையையும் தூக்கமின்மையையும் காரணம் காட்டித் தனியறைக்கு மாறும் தம்பதிகளைப் பற்றி எழுதுவோர், தொன்றுதொட்டு வந்த வழக்கம் ஒன்று உடைவதாகவே எழுதுகிறார்கள். வரலாற்றுச் சான்றுகள் இந்த எண்ணத்தைத் தாங்கவில்லை. சேர்ந்து படுப்பது பழையதுதான். ஆனால், இருவருக்கு மட்டும் என்று ஒதுக்கிய ஓர் அறையில் இரவு முழுதும் சேர்ந்து உறங்குவதே இல்லறத்தின் அளவுகோல் என்ற கருத்து அந்நாட்டின் பெரும்பாலான மக்களிடம் வேரூன்றி நூறாண்டுதான் ஆகிறது. காதலைப் பற்றிய புதிய எண்ணங்களுக்கு அதில் பங்குண்டு. அரசு கட்டிய சிறு வீடுகளின் வரைபடத்துக்கும், அறைகளை எண்ணிப் பார்த்த சட்டங்களுக்கும் அதைவிடப் பெரிய பங்குண்டு என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் மேல்தட்டைப் பார்க்கலாம். மூன்றாம் வில்லியமும் இரண்டாம் மேரியும் 1689இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையைப் புதுப்பிக்கத் தொடங்கியபோது, கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் அரசருக்கு ஒரு வரிசை அறைகளும் அரசிக்கு வேறொரு வரிசை அறைகளும் வகுத்தார். அரசரின் பகுதியில் மட்டும் இரண்டு படுக்கையறைகள்: ஒன்று அரசவை வழக்கத்துக்கு, மற்றது உண்மையில் உறங்குவதற்கு. இருவரும் சேர்ந்து முடிசூடியவர்கள். தனியறையை எவரும் மனக்கசப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ளவில்லை. அரண்மனைக்குக் கீழே இருந்த செல்வர் மாளிகைகளில் இதே ஏற்பாடு சற்றுச் சுருங்கிய வடிவில் தொடர்ந்தது. ராபர்ட் கெர் 1864இல் வெளியிட்ட ‘கனவான் வீடு’ பற்றிய நூல், முதன்மைப் படுக்கையறையை ஒட்டிக் கணவருக்கென உடை மாற்றும் அறை வேண்டும் என்பதை வீட்டின் இயல்பான தேவையாகவே பேசுகிறது. அந்த அறையில் ஒரு கட்டிலையும் போட்டுவிட்டால் அது இரண்டாம் படுக்கையறை. விக்டோரியா அரசியும் ஆல்பர்ட்டும் ஒரே கட்டிலில் உறங்கியவர்கள் என்பது இங்கே மறுப்பாகாது. அறைகள் மிகுந்திருந்தவர்களுக்குச் சேர்ந்து படுப்பதும் தனித்துப் படுப்பதும் விருப்பத்தைப் பொறுத்தவை என்பதை அது காட்டுகிறது, அவ்வளவே.

ஏழைகளுக்கு அந்த விருப்பம் இருந்ததில்லை. ஆனால் அவர்கள் பகிர்ந்துகொண்ட படுக்கையைத் தம்பதியின் படுக்கை என்று சொல்வதும் கடினம். பெற்றோர், பிள்ளைகள், உறவினர், சில வேளை வாடகைக்குத் தங்கியவர் என எல்லோரும் ஒரே அறையில் கிடந்தார்கள். பயணிகள் விடுதியிலும் முன்பின் அறியாதவரோடு படுக்கையைப் பகிர்வது வழக்கமாக இருந்தது. 1590களில் செய்யப்பட்டதாகக் கருதப்படும் வேர் நகரத்துப் பெருங்கட்டில், மூன்று மீட்டருக்கும் கூடுதலான அகலத்தோடு இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கிடக்கிறது. 1883இல் ஆண்ட்ரூ மெர்ன்ஸ் லண்டன் சேரிகளைப் பற்றி வெளியிட்ட சிறு நூலும், அதையடுத்து 1884இல் அமைந்த உழைப்பாளர் வீட்டுவசதிக்கான அரச ஆணையமும் இந்த நெரிசலைத்தான் ஒழுக்கக் கேடாகக் கண்டன. பெற்றோர் படுக்கும் இடத்தில் வளர்ந்த பிள்ளைகளும், அண்ணன் படுக்கும் இடத்தில் தங்கையும் படுப்பதே சீர்திருத்தக்காரர்களின் கவலை. கணவனும் மனைவியும் சேர்ந்து படுக்கிறார்களா என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. படுக்கை நெடுங்காலமாகவே திருமணத்தின் அடையாளம் அல்லவா? இங்கிலாந்துத் திருச்சபை நீதிமன்றங்கள் 1857ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை வழங்கிய பிரிவாணைக்கே ‘உணவு மேசையிலிருந்தும் படுக்கையிலிருந்தும் பிரிவு’ என்றுதான் பெயர். மறுப்பின் பாதி உண்மை. ஆனால் திருச்சபைச் சட்டம் பேசிய படுக்கை, உடலுறவு உரிமையையும் கூடிவாழும் கடமையையும் குறித்தது. விடியும்வரை இருவரும் அருகருகே கண்ணயர்ந்தார்களா என்று எந்த நீதிபதியும் கேட்கவில்லை. மனைவியின் அறைக்குச் சென்று தன் அறைக்குத் திரும்பும் பிரபு அச்சட்டத்தின் பார்வையில் முழுமையான கணவரே. உறவுக்கான படுக்கையும் உறக்கத்துக்கான படுக்கையும் வேறு வேறாக இருக்கலாம் என்பதை அக்காலம் சிரமமின்றி ஏற்றது. இரண்டும் ஒன்றாகியே தீர வேண்டும் என்பது பின்னால் வந்தது.

அதற்கு முன் ஒரு விசித்திர இடைக்காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவர்கள் தம்பதியின் கட்டிலைத் தாக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் வில்லியம் விட்டி ஹால் 1860களிலும், இங்கிலாந்தில் பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்சன் 1880களிலும், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுப்பது உடலைக் கெடுக்கும் என்று எழுதினர். நலிந்தவர் வலியவரின் உயிராற்றலை இரவில் உறிஞ்சிவிடுவார் என்ற நம்பிக்கையும் உலவியது. நோயைப் பரப்புவது கெட்ட காற்று என்ற பழைய கொள்கை, 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த பிறகும் உடனே மறையவில்லை. கிருமி அச்சம் அதனோடு சேர்ந்துகொண்டது. விளைவாக, ஒரே அறையில் பக்கம் பக்கமாக இரண்டு ஒற்றைக் கட்டில்களைப் போடுவது நடுத்தர வர்க்கத்தின் நாகரிகமானது. இரட்டைக் கட்டில்களின் பண்பாட்டு வரலாற்றை 2019இல் நூலாக எழுதிய ஹிலரி ஹைண்ட்ஸ், நலவாழ்வு அறிவுரையாகத் தொடங்கிய அவை பிறகு நவீனத்தின் சின்னமாக மாறியதைக் காட்டுகிறார். அவருடைய சான்றுகள் இன்னொன்றையும் சொல்வதாக எனக்குப் படுகிறது. மருத்துவர்கள் கேட்டது காற்றோட்டம். அதைச் சிறப்பாகத் தருவது தனியறை. நடுத்தர வர்க்கம் வாங்கியது கூடுதல் கட்டிலை மட்டுமே. சுவர் எழுப்ப வசதியில்லாதவர்களின் தனியறைதான் இரட்டைக் கட்டில்.

மேரி ஸ்டோப்ஸின் எழுத்து இந்த வேறுபாட்டைக் கூர்மையாக வெளிக்காட்டுகிறது. தம்பதியரின் உடலின்பத்தை வெளிப்படையாகப் பேசி 1918இல் பரபரப்பூட்டிய அவரது நூல், சேர்ந்து உறங்குவதை வற்புறுத்தும் என்றே எதிர்பார்ப்போம். அது சொல்வதோ, பணவசதி இடம் தருமானால் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனிப் படுக்கையறை வேண்டும், முடியாவிட்டால் அறையின் குறுக்கே திரையாவது வேண்டும் என்பது. எந்நேரமும் கண்முன் இருப்பது ஈர்ப்பைக் கெடுக்கும் என்பது அவர் காரணம். அதே ஸ்டோப்ஸ் பிற்கால நூல்களில் இரட்டைக் கட்டிலை மட்டும் கடுமையாகச் சாடினார். தனிமையும் தராமல் நெருக்கமும் தராமல் இரண்டையும் கெடுப்பது அது என்று கண்டார். இதில் முரண்பாடு இல்லை. நெருக்கத்தின் பேரறிஞராகக் கொண்டாடப்பட்டவருக்கே தனியறையும் காதலும் பகையாகத் தோன்றவில்லை. ‘பணவசதி இடம் தருமானால்’ என்ற நிபந்தனையில்தான் அடுத்த அரை நூற்றாண்டின் கதை அடங்கியிருக்கிறது.

அவர் நூல் வந்த அதே 1918இல் டியூடர் வால்டர்ஸ் குழுவின் அறிக்கையும் வெளிவந்தது. உழைப்பாளர் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்த அந்த அறிக்கை, மூன்று படுக்கையறைகளை இயல்பான அளவாகக் கொண்டது. பெற்றோருக்கு ஒன்று, ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று என்பது இதன் பின்னிருந்த கணக்கு. 1919ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் உள்ளாட்சிகளை இந்த வடிவில் வீடு கட்ட வைத்தது. ஒற்றை அறையில் எட்டுப் பேரோடு கிடந்த தம்பதிக்குக் கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை கிடைத்தது பெரும் விடுதலை. அதை எவ்வகையிலும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அந்த வரைபடத்தில் தம்பதி என்பது பிரிக்க முடியாத ஓர் அலகாகப் பதிந்துவிட்டது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் இதை இன்னும் இறுக்கியது: பத்து வயதும் அதற்கு மேலும் ஆன ஆணும் பெண்ணும் ஒரே அறையில் உறங்க நேர்ந்தால் அது நெரிசல் மிகுந்த வீடு, அவர்கள் கணவன் மனைவியாக வாழ்பவர்களாக இருந்தாலொழிய. விதிவிலக்காக எழுதிய அந்தத் தொடர், நடைமுறையில் விதியாகவே வேலை செய்தது.

மக்கள் விரும்பியதைத்தானே அரசு கட்டிக் கொடுத்தது என்று கேட்கலாம். தோழமையான இல்லறம் என்ற இலட்சியம் அக்காலத்தில் வளர்ந்ததும், 1950களுக்குப் பின் இரட்டைக் கட்டில் செல்வாக்கு இழந்ததும் உண்மை. திரையில் தணிக்கையாளர்களின் கண்டிப்பால் கணவன் மனைவி தனித்தனிக் கட்டிலிலேயே காட்டப்பட்டு வந்ததால், அந்தக் கட்டில்கள் இளைய தலைமுறைக்குப் போலி ஒழுக்கத்தின் அடையாளமாகத் தெரிந்ததும் ஒரு காரணம். ஆனால் விருப்பம் மட்டுமே காரணம் என்றால், கூடுதல் அறை இருந்தவர்களிடமும் தனியறை வழக்கம் மறைந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் அது மறையவில்லை. தேர்ந்தெடுக்க வழியில்லாத இடத்தில் நிலவும் வழக்கத்தை விருப்பத்துக்குச் சான்றாகக் காட்டுவது எளிது, ஆனால் சரியல்ல.

விந்தை என்னவென்றால், நீதிமன்றங்கள் இக்காலத்தில் எதிர்த்திசையில் சென்றன. வேறு அறையில் படுத்தாலும் குடும்பத்தோடு சேர்ந்து உண்ட கணவர் மனைவியைக் கைவிட்டவர் ஆகமாட்டார் என்று 1949இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1972இல் வந்த ஒரு மணமுறிவு வழக்கிலும் தனித்தனிப் படுக்கையறை, ஒரே சமையல், ஒரே மேசை. அவர்கள் பிரிந்து வாழ்பவர்கள் அல்லர் என்பதே முடிவு. மேசை கட்டிலை வென்றது. உறக்க ஆய்வுகளும் கட்டிலுக்கு ஒருமனதாகச் சாட்சி சொல்லவில்லை. லஃப்பரோ பல்கலைக்கழகத்தின் ஜிம் ஹோர்ன் பங்கேற்று 1994இல் வெளியான ஆய்வு, துணையோடு படுப்பவர்கள் இரவில் கூடுதலாக அசைவதைக் கண்டது. 2020இல் ஜெர்மனியில் பன்னிரண்டு தம்பதிகளிடம் நடந்த சிறிய ஆய்வோ, சேர்ந்து படுக்கும்போது கனவுநிலை உறக்கம் கூடுவதைக் கண்டது. எந்த வீட்டுத் திட்டத்துக்கும் இவற்றிலிருந்து ஆணை பிறப்பிக்க முடியாது.

ஆயினும் அரசின் எண்ணிக்கை மாறவில்லை. 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து ‘படுக்கையறை வரி’ என்று மக்கள் பெயரிட்ட விதி, தம்பதிக்கு ஓர் அறை என்று கணக்கிட்டு, கூடுதலாக ஓர் அறை இருந்தால் வாடகை உதவியில் கணக்கில் கொள்ளும் வாடகையை 14 விழுக்காடு குறைத்தது. முதுகுத்தண்டுக் குறைபாட்டுடன் மருத்துவமனைக் கட்டிலில் படுக்க வேண்டிய மனைவியோடு ஒரே அறையில் படுக்க முடியாத கணவரின் வீட்டிலும் இரண்டாம் அறை மிகை அறையாகவே எண்ணப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2016 நவம்பரில் அது பாகுபாடு என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அடுத்த ஆண்டு ஏப்ரலில் விதி திருத்தப்பட்டது: உடற்குறையால் அறையைப் பகிர முடியாத தம்பதிக்கு இரண்டாம் அறை உண்டு. குறட்டைக்கு இல்லை.