4294967297: வகைப்பாடு எதற்கு உதவ வேண்டும்?

4294967297 ஒரு பகு எண். 641, 6700417 என்னும் இரு பகா எண்களின் பெருக்கற்பலன். வர்க்கக் காரணி அற்றது. தன்னை நீக்கிய வகுத்திகளின் கூட்டுத்தொகை 6701059 மட்டுமே என்பதால் குறைவெண். எல்லாம் சரியே. ஆனால் இவ்விவரங்களை எழுதியவர் காரணிகளைக் கையில் வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறார். எண்ணின் அமைப்பிலிருந்து எழுந்து காரணிகளை நோக்கி நம்மை நடத்தும் வகைப்பாட்டுக்கே முதலிடம் தர வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்த எண் 2³²+1. அடுக்கான 32-உம் 2-இன் அடுக்காதலால், 0-இலிருந்து எண்ணினால் இது ஐந்தாம் ஃபெர்மா எண். இதற்கு முந்தைய 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். வரிசை முழுவதுமே அப்படித்தான் என்று 1640-இல் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் 641 என்ற காரணியைக் காட்டி அந்நம்பிக்கையைத் தகர்த்தார்.

வெறுமனே வகுத்துப் பார்ப்பவர் 115 பகா எண்களைக் கடந்த பிறகே 641-ஐ அடைவார். ஆய்லர் பின்னர் நிறுவியபடி, இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவாயினும் 64-ஆல் வகுக்க மீதி 1 வரும். அந்த வடிவில் 193, 257, 449, 577 ஆகிய நான்கே 641-க்கு முன் நிற்கின்றன. 1878-இல் லூக்கா 64-ஐ 128 ஆக்கினார். எஞ்சியது 257 மட்டும். அதுவும் ஒரு ஃபெர்மா எண். இரு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி கிடையாது என்று கோல்ட்பாக் 1730-இலேயே காட்டிவிட்டதால் அதையும் விலக்கலாம். ஆக, சோதிக்க வேண்டிய முதல் எண்ணே 641! சோதனையும் எளிது: 641 = 5×2⁷+1 = 5⁴+2⁴. 5×2⁷-ஐ 641-ஆல் வகுக்கும்போது −1-க்குச் சமமான மீதி வருவதால், அதன் நான்காம் அடுக்கான 5⁴×2²⁸ மீதி 1 தரும். 5⁴-க்குப் பதில் −2⁴ இட, 2³²+1 மீதியின்றி வகுபடுகிறது.

அமைப்பு ஏமாற்றவும் கூடும். 2-ஐ அடிமானமாகக் கொண்ட ஃபெர்மா சோதனையில் இவ்வெண் பகா எண்ணைப் போலவே தேறிவிடும். எல்லா ஃபெர்மா எண்களும் தேறும். எனவே போலிப் பகா எண் என்ற பெயர் இங்கே புதிதாக எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. 1877-இல் பெப்பான் அமைத்த சோதனையோ ஃபெர்மா எண்களுக்கே உரியது. பகாவா, பகுவா என்று அது ஐயமறத் தீர்த்துவிடுகிறது.

காரணிகளைக் கையில் வைத்துக்கொண்டு எழுதும் வகைப்பாட்டின் போதாமை பெரிய ஃபெர்மா எண்களில் அப்பட்டமாகத் தெரியும். இருபதாம், இருபத்துநான்காம் ஃபெர்மா எண்கள் பகு எண்கள் என்பதைப் பெப்பான் சோதனை உறுதிப்படுத்தியிருக்கிறது. ஆனால் அவற்றின் ஒரு காரணிகூட இதுவரை அகப்படவில்லை. அவற்றுக்கு எத்தனை பகாக் காரணிகள், வகுத்திகளின் கூட்டுத்தொகை எவ்வளவு என்ற விவரங்களை இன்று எவராலும் தர இயலாது.