பூனைக்காலியும் அரிப்பின் வரலாறும்



சேலம், நாமக்கல் சமவெளியின் வேலியோரங்களிலும், கொல்லிமலை அடிவாரப் புதர்களிலும் படரும் பூனைக்காலிக் கொடியை உங்களிற் பலர் அறிவீர்கள். மழை ஓய்ந்து பனி தொடங்கும்போது அதன் காய்கள் முற்றிப் பொன்னிறச் சுணை போர்த்து நிற்கும். அதன்மேல் உரசியவர் படும் பாட்டை விளக்க வேண்டுவதில்லை. ஆடு மேய்ப்போர் அஞ்சி விலகும் இச்சுணையே, அரிப்பின் மருமத்தை அறிஞர்கள் அறியப் பெரிதும் துணைசெய்தது. அவ்வரலாற்றைக் கூற விரும்புகிறேன்.

சொறியத் தூண்டும் உணர்ச்சியே அரிப்பு என்று 1660-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹாஃபென்ரெஃபர் வரையறுத்தார். சொறிசிரங்குக்குக் காரணம் தோலைத் துளைத்து வாழும் ஒரு நுண்ணுயிரே என்பதை 1687-இல் இத்தாலியரான போனோமோ எழுதிக் காட்டினார். பின்னர், உடலிலேயே சுரக்கும் ஹிஸ்டமின் என்னும் பொருள் அரிப்பை எழுப்புவது தெரியவந்தது. எல்லா அரிப்புக்கும் அதுவே காரணமோ என்ற ஐயமும் எழுந்தது.

அவ்வையத்தைத் தீர்க்க நம் வேலிக்கொடி உதவிற்று. ஒரே ஒரு சுணை தைத்தாலும் அரிப்பு எழும். ஆனால் மிகுந்த வெப்பத்தில் வைத்தெடுத்த சுணை தைத்தால் அவ்வளவு அரிப்பதில்லை. ஆகவே குத்துவது மட்டும் காரணமன்று. சுணையிலுள்ள, புரதத்தைச் சிதைக்கும் நொதியே காரணம் என்று 1955-இல் அமெரிக்கரான ஷெல்லியும் ஆர்தரும் கண்டு, அதற்கு மியூக்குனெய்ன் எனப் பெயரிட்டனர். இவ்வரிப்பு ஹிஸ்டமின் வழியே செல்வதன்று. வேறு நரம்பிழைகளின் வழியே மூளையை அடைவது என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தின. ஹிஸ்டமினை அடக்கும் மருந்து இதனைத் தணிக்காததன் காரணம் இதுவே.

சொறிந்தால் ஏன் சுகமாயிருக்கிறது? நகம் உண்டாக்கும் சிறு வலி, தண்டுவடத்தில் அரிப்புச் செய்தியைச் சுமக்கும் நரம்பணுக்களை அடக்குகிறது. குரங்குகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று இதனை 2009-இல் காட்டியது. ஆயினும் அச்சுகம் நெடுநேரம் நில்லாது. வலியைத் தணிக்க மூளை விடுக்கும் செரோட்டோனின் என்னும் பொருள், அரிப்பு நரம்புகளையே மீண்டும் தூண்டுகிறது என எலிகளிடம் நடந்த ஆய்வில் 2014-இல் கண்டனர். சொறியச் சொறியத் தோலும் புண்பட்டு, அழற்சி மிகுந்து, அரிப்பு பெருகுகிறது.

மாணவர்களே, அரிப்பு ஒன்றாயினும் அதன் காரணங்கள் பல. சிரங்குக்கு அவ்வுயிரைக் கொல்லும் மருந்து வேண்டும். வீட்டார் அனைவரும் ஒருங்கே மருத்துவம் பெறவும் வேண்டும். பூனைக்காலி பட்டால், தேய்க்காமல் சுணையை முதலில் அகற்றுதல் வேண்டும். நகம் தருவது சிறிது நேர ஆறுதலே. நோய் தீர்வது காரணத்தை அறிந்து களையும்போதுதான்.